வலப்பக்கச் சாய்வு

அறுபது கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு ரெனிஷா உட்கார்ந்தாள். எழும்போது இடுப்பு வலப்பக்கம் ஒதுங்கியது. முழுதாக நிமிர்ந்த பிறகுதான் நடுவுக்கு வந்தது. கம்பியைத் தாங்கியில் வைத்துவிட்டு வலது கால்முட்டைத் தேய்த்துக்கொண்டாள்.

"நோவுதா?" என்று கேட்டாள் பிரிஜா.

"இல்ல டீச்சர்."

"பின்ன என்னத்துக்குத் தேய்க்க?"

"கொசு."

பிரிஜாவுக்கு அந்தக் கொசுவைத் தெரியும். ஏழு வருடங்களுக்கு முன்பு அவளுடைய இடது முட்டிலும் அது வந்து உட்கார்ந்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் எடையை ஏற்றிக்கொண்டே போனாள். ஒரு மாலை முட்டுக்குள் துணி கிழிகிற மாதிரி சத்தம் கேட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு போட்டிகளுக்குப் போகவில்லை. இப்போது குலசேகரத்தில் ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. சைக்கிள் ஷெட்டில் பாதியைத் தடுத்து ஐந்து பெண்களுக்குப் பளு தூக்கக் கற்றுக்கொடுக்கிறாள். ஐவரில் விளையாட்டு விடுதிக்குத் தேர்வாகக் கூடியவள் ரெனிஷா ஒருத்திதான். தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. சாய்வு போகாவிட்டால் அந்த முட்டு விடுதிவரை தாங்காது.

காரணம் பக்கெட் என்று பிரிஜா முடிவுகட்டியிருந்தாள். ரெனிஷாவின் அம்மை ரீத்தா ரப்பர்பால் வெட்டுகிறவள். காலையில் மகளும் கூடப்போய், மரங்களில் கட்டிய சிரட்டைகளில் வடிந்த பாலைப் பக்கெட்டில் சேர்த்துச் சுமந்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். சுமை ஒருபக்கம் என்றால் சாய்வும் ஒருபக்கம்தானே. ரீத்தாவை வரச்சொல்லி, தேர்வு முடியும்வரை மகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்றாள்.

 மூங்கில் கம்பைத் தோளில் வைத்து வரிசையாக உட்கார்ந்து எழும் பெண்களையே ரீத்தா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கண்ணாடி போட்ட பிள்ள யாரு டீச்சர்?"

"ஜெனிலா."

"பேக்கரிக்காரருக்க மவளா? அவளும் சாயுதாளே. அவ எந்தப் பக்கெட்டத் தூக்கினா? பன்னு பக்கெட்டா?"

பிரிஜா திரும்பினாள். ஜெனிலா சாய்ந்தாள். அடுத்தவளும் சாய்ந்தாள். ஐந்து இடுப்புகளும் காற்றடித்த வாழைகள் மாதிரி ஒரே பக்கம் போய் வந்தன. இத்தனை நாள் ரெனிஷாவை மட்டுமே உற்றுப் பார்த்ததில் மற்ற நால்வரும் கண்ணில் படவில்லை.

தரை கோணலாக இருக்குமோ என்று ஒரு பந்தை வைத்துப் பார்த்தாள். பந்து நகரவில்லை.

ரீத்தா போனதும் ஜெனிலாவிடம் செல்போனைக் கொடுத்து, பின்னால் நின்று எல்லோரையும் படம்பிடிக்கச் சொன்னாள். வழக்கம்போல முதலில் தானே செய்துகாட்டினாள். எப்போதும் முதுகைக் காட்டித்தான் செய்வாள். அப்போதுதான் பார்ப்பவர்களுக்கு இடம் வலம் குழம்பாது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் படத்தைப் போட்டாள். ஜெனிலா அவசரக்காரி, டீச்சர் செய்துகாட்டும்போதே அழுத்திவிட்டிருந்தாள். திரையில் சிவப்பு டீசர்ட் போட்ட ஒரு பெண் உட்கார்ந்தாள். இடது காலை நம்பாமல், உடம்பு முழுவதையும் வலது காலிடம் ஒப்படைத்து எழுந்தாள். பிரிஜா குனிந்து தன் டீசர்ட்டைப் பார்த்துக்கொண்டாள். இரண்டு வருடமாக அவள் வாயால் சொன்னதெல்லாம் காற்றோடு போயிருந்தது. பிள்ளைகள் அவள் முதுகிடம்தான் படித்திருந்தார்கள்.

மறுநாள் படத்தை எல்லோருக்கும் காட்டினாள்.

"தப்பு எனக்கதுதான், மக்களே. என்னப் பாத்து அப்படியே படிச்சிட்டிய."

"அப்போ நாங்க நல்ல பிள்ளையதானே டீச்சர்? சொன்னபடி கேட்டோம்லா?" என்றாள் ஜெனிலா.

எல்லோரும் சிரித்தார்கள். ரெனிஷா மட்டும் சிரிக்கவில்லை.

"நோவுது டீச்சர். ஒரு மாசமா நோவுது."

"நேத்தே தெரியும்."

"அப்போ அது உங்களாலயா?"

"ஆமா," என்றாள் பிரிஜா.

 ரெனிஷா தானே கம்பியிலிருந்து எடைகளைக் கழற்றத் தொடங்கினாள்.

பிரிஜா அதன்பின் செய்துகாட்டவில்லை. ஷெட்டின் கூரையிலிருந்து ஒரு நூலைக் கட்டி, நுனியில் ஒரு இரும்பு நட்டைத் தொங்கவிட்டாள். நூலுக்கு முன்னால் ரெனிஷா. பின்னால் மற்ற நால்வர். நூல் அவள் முதுகை நடுவாகப் பிரிக்க வேண்டும். பிசகினால் "சாஞ்சு!" என்று நால்வரும் கத்துவார்கள். முதல் நாள் வெறுங்கம்பிக்கே கத்தினார்கள்.

"ஏட்டி, உனக்க இடுப்பு தனியா திருவட்டார் பஸ் ஏறப் போவுதா?" என்றாள் ஜெனிலா.

எட்டாம் நாள் நாற்பத்தைந்து கிலோவரை யாரும் கத்தவில்லை. ஐம்பதில் கத்தினார்கள். முட்டு நோகவில்லை என்றாள் ரெனிஷா. இந்தமுறை பிரிஜா நம்பினாள்.

தேர்வு விண்ணப்பத்தில் தூக்கிக் காட்டும் எடை என்று அறுபது எழுதியிருந்தது. பிரிஜா அதை ரெனிஷாவின் முன்னால் வைத்தாள்.

"நாப்பத்தஞ்சுல இடம் கெடைக்குமா டீச்சர்?"

"கெடைக்காமலும் போவும்."

"முட்டு?"

"முட்டு அடுத்த வருஷமும் இருக்கும்."

ரெனிஷா பேனாவை வாங்கி, அறுபதைத் தானே கோடிட்டு அடித்தாள்.