இரண்டாவது ஸ்கேன்

அப்பாவின் தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது பிரியந்தியின் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. சென்னையிலிருந்து அண்ணி தனுஷிகா. போத்தலை அப்படியே வைத்துவிட்டு, தேயிலைத் தோட்டத்து லய வீட்டின் வாசலுக்கு ஓடினாள்.

"ஸ்கேன் எடுத்துட்டாங்க. கட்டி இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்காம்."

"ஐயோ! இப்ப என்னண்ணி செய்யிறது?"

"பயப்படாத. அதுக்குத்தானே மண்டைய மூடாம, மயக்கத்துலயே எம்ஆர்ஐ எடுக்குறாங்க. மிச்சத்தையும் இப்பவே எடுத்துட்டு மறுபடி ஒரு ஸ்கேன் பாப்பாங்களாம்."

அண்ணன் சுமன் இலங்கை மலையகத்துக் கொட்டகலையில் ஆட்டோ ஓட்டுகிறவன். விடிந்தால் சென்னையில் அவனுக்கு மூளைக்கட்டி ஆபரேஷன் என்றிருந்த நேற்று மாலை, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அப்பா அப்படியே சாய்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். சுமனிடம் சொல்லவில்லை. சொன்னால் கட்டிலைவிட்டு எழுந்து வந்துவிடுவான்.

ஸ்கேன் செய்தி லயம் முழுக்கப் பரவியது. காளியாயி அத்தை ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தி, "போன் வந்துச்சாடி?" என்பாள். இல்லையென்றால் விட்ட இடத்திலிருந்து அழுவாள். பாடை கட்டிய சித்தப்பா ஒரே முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்.

அப்பாவைக் குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தியபோது போன் அடித்தது.

"ஒரு பொட்டு இல்லயாம் பிரியந்தி! எல்லாம் கிளீன்!"

"சுத்தமாயிருச்சு!" என்று கத்தினாள் பிரியந்தி. சாவு வீடு என்பதை மறந்து யாரோ விசிலடித்தார்கள். தப்புக்காரர் ஒருவர் துள்ளலாய் நாலு அடி அடித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அத்தை பிணத்தின் கன்னத்தைத் தட்டினாள். "கேட்டியாண்ணே? ஒம் மகன் தப்பிச்சுட்டான்!"

"அவன் கண்ணு முழிக்கட்டும். அப்புறம் தூக்குவோம்," என்றார் சித்தப்பா. யாரும் மறுக்கவில்லை. பிளேன்டீ சுற்றி வந்தது. மேட்டுத் தேயிலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு நின்றது.

பொழுது சாயும்போது சுமனே பேசினான். ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்தான்.

"எல்லாத்தையும்... எடுத்துட்டாங்களாம்டி."

"தெரியும்ண்ணே! இங்க லயமே குதிக்குது."

"அப்பாகிட்ட... குடு."

பிரியந்தி பாடையைப் பார்த்தாள்.

"அப்பா... இப்பதாண்ணே வெளிய கெளம்புறாரு."

"மழையா அங்க?"

"தூறுதுண்ணே."

"நனையப் போறாரு... கொடைய எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு."

"சரிண்ணே."

சித்தப்பா கையால் சாடை காட்டினார். நாலு பேர் ஓசைப்படாமல் பாடையைத் தூக்கினார்கள். தப்புக்காரர்கள் அடிக்காமல், தப்பை நெஞ்சோடு அணைத்தபடி பின்னால் நடந்தார்கள்.

பிரியந்தி போனைக் காதிலிருந்து எடுக்காமலே, ஆணியில் தொங்கிய குடையை எடுத்து விரித்தாள்.