நானே கட்டிய வண்டி

விளம்பரத்தை எழுதியது நான்தான். 'தொண்ணூற்றெட்டாம் வருட நிசான் ஸ்டேஜியா. ஜப்பானிலிருந்து வந்தது. ஆட்டோமேட்டிக் கியரை எடுத்துவிட்டு மேனுவல் போட்டிருக்கிறது. எல்லா வேலையும் நானே என் ஷெட்டில் செய்தது.' கடைசி வரியில் விரல் தயங்கக்கூட இல்லை. எட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜம்போல் ஆகியிருந்தது.

டௌரங்கா ஊரில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் நான் வாங்கும்போதே அந்த வண்டியில் எல்லா வேலையும் முடிந்திருந்தது. எங்கள் ஊரான வாங்கனுய்க்கு ஓட்டிவந்து, நான் வேலை பார்க்கும் இறைச்சி ஆலை வாசலில் நிறுத்தினேன். என்னோடு வெட்டுமேஜையில் நிற்கும் வாரிக் குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "யப்பா, இதெல்லாம் நீயா செஞ்ச?" என்றான். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் தொடக்கம். மறுவாரம், ஒரு குளிர்காலம் முழுக்க வண்டிக்கடியில் கிடந்த கதை வந்தது. அதற்கடுத்து என் முழங்கைத் தழும்புக்கும் ஒரு கதை வந்தது. பிறகு வாரிக்கின் தங்கை லியானைக் கல்யாணம் செய்துகொண்டேன். கதையும் என்கூடவே வீட்டுக்குள் வந்தது.

மூன்றாவது குழந்தை வரப்போகிறது. பின் இருக்கையில் மூன்று குழந்தை நாற்காலிகள் கொள்ளாது. அதனால்தான் விற்க முடிவு செய்தோம்.

சனிக்கிழமை வண்டியைப் பார்க்க மெரியானா என்கிற மாவோரிப் பெண் வந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். வந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றித் தரையில் விரித்து வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். லியான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பியரோடு வந்திருந்த வாரிக்கை யாராலும் நிறுத்த முடியவில்லை.

"மச்சான், அந்தத் தழும்பக் காட்டு! வெல்டிங் வைக்கும்போது சுட்டுக்கிட்டது மேடம். அப்பவும் வேலைய விடல இவன்."

நான் கையைக் காட்டினேன். உருளைக்கிழங்கு வறுக்கும்போது எண்ணெய் தெறித்துப் பட்ட தழும்பு அது.

அடியிலிருந்து அவள் குரல் வந்தது. "கியர்பாக்ஸத் தாங்குற பட்டைய ஏன் இப்படி ஒருபக்கமாத் தள்ளி வச்சீங்க?"

"புகைக்குழாய் இடிச்சுது" என்றேன், வாய்க்கு வந்ததை.

"ஓ" என்றாள். எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ஓட்டிப் பாக்கலாமாண்ணே? நீங்க மட்டும் கூட வாங்க" என்றாள்.

ஆற்றோரச் சாலையில் அவள்தான் ஓட்டினாள். இந்த வண்டியில் இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குப் போகும்போது ஒரு நொடி நிதானிக்க வேண்டும், இல்லாவிட்டால் கரகரவென்று சத்தம் வரும். புதிதாக ஓட்டும் எல்லோரும் அங்கே மாட்டிக்கொள்வார்கள். அவள் நான் சொல்லாமலே நிதானித்துப் போட்டாள்.

"அந்தப் பட்டைய ரெண்டு தடவ தப்பா வெட்டுனேன். மூணாவதா வெட்டுனதுதான் இப்ப உள்ள இருக்கு. டௌரங்கால, எங்க மாமா ஷெட்டுல" என்றாள், சாலையைப் பார்த்தபடியே. "பெர்த்துக்குச் சுரங்க வேலைக்குப் போறப்ப இத வித்தேன். திரும்பி வந்ததுலேர்ந்து தேடிட்டு இருக்கேன்."

காதுமடல் எரிந்தது.

"ஒங்க வீட்டம்மா முன்னாடி வேணாம்னுதான் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன்."

"மன்னிச்சிரும்மா" என்றேன். "வெலையக் கொறச்சுத் தரேன்."

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "எதுக்கு? என் வேலைக்கு நானே வெலையக் கொறச்சு வாங்கணுமா? விளம்பரத்துல போட்ட முழுப்பணத்தையும் தரேன்."

திரும்பி வந்து வாசலில் நிறுத்தியதும் வாரிக் ஓடிவந்தான். "எப்படி எங்க மச்சான் கைவேலை?"

அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். உண்மையைச் சொல்ல அது எனக்குக் கிடைத்த வாய்ப்பு என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் காலடிச் சரளைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"செஞ்சவங்க நல்லாத்தான் செஞ்சிருக்காங்க" என்றாள் மெரியானா. பணத்தை அனுப்பிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தெருமுனையில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் சத்தம் கேட்டது. சுத்தமாக இருந்தது.

அன்று பாத்திரம் துடைக்கும்போது லியானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த தட்டை அவள் கீழே வைத்தாள்.

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி, நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு அப்பா கேட்டப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒரு குளிர்காலம் பூரா பொறுமையா ஒக்காந்து ஒரு வண்டியக் கட்டுன மனுஷன்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லத் தோணல எனக்கு."

அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். மிச்சப் பாத்திரங்களை நானே துடைத்து அடுக்கினேன்.

மறுநாள் வாரிக் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சிரிப்பான், திட்டுவான் என்று நினைத்திருந்தேன். அவன் முகம்தான் சிவந்தது. "எட்டு வருஷமா ஊரெல்லாம் ஒன்னப் பத்திப் பீத்திட்டுத் திரிஞ்சது நான்டா" என்றான். "அந்தப் பொண்ணு முன்னாடி என்ன எப்படி நிக்க வச்சுட்ட!" கதவை அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினான்.

திங்கட்கிழமை ஆலையில் தேநீர் இடைவேளையின்போது மேஜையில் எல்லோரும் இருக்க நானே சொன்னேன். இரண்டே வாக்கியம். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர் ஜன்னலைப் பார்த்தார். வாரிக், இடைவேளையில் நாங்கள் வழக்கமாக ஆடும் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட ஆரம்பித்தான். என் முகத்தை அவன் பார்க்கவில்லை. ஆனால் எனக்கும் சேர்த்துத்தான் சீட்டுப் போட்டான்.