யார் ஃபெயில்?

புது மருந்து வேண்டவே வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள் வாலு. ஒன்பது வயது. உடம்பு சரியில்லாமல் போகும்வரை ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை. அதனால் வந்த பெயர் அது.

அவள் நெஞ்சுக்குள் வளர்ந்திருந்த லிம்போமா என்ற புற்றுநோய்க் கட்டி, முதல் சிகிச்சைக்குப் போதிய அளவு கரையவில்லை. அடுத்த வழி, ஆராய்ச்சியில் இருந்த ஒரு மருந்து. அதைத் தொடங்க, பெற்றவர்களின் கையெழுத்து மட்டும் போதாது, குழந்தையும் தன் வாயால் சரி சொல்ல வேண்டும் என்பது விதி.

அம்மா கெஞ்சிப் பார்த்தாள். அப்பா கோமாளித்தனமெல்லாம் செய்து பார்த்தார். கடைசியில் போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நான்தான் ஃபெயிலாயிட்டேனே. பாஸாகுற புள்ளைக்குக் குடுக்கச் சொல்லு."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் சொன்னது என்று கேட்டாள். காலையில் டாக்டரம்மா ஐந்தாறு இளம் டாக்டர்களோடு வந்து நின்று, இந்தக் குழந்தை முதல் சிகிச்சையில் ஃபெயில் என்றாராம். எல்லோரும் தலையை ஆட்டினார்களாம்.

"வாந்தி வந்தாக்கூட எல்லாத்தையும் முழுங்கினேன்ல? அப்புறம் ஏம்மா ஃபெயில் போட்டாங்க?"

அம்மா எழுந்து செருப்பை மாட்டினாள்.

தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் புகார் கேட்பது அவள் வேலை. யார் எப்படித் திட்டினாலும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுப் பழகி, வீட்டில்கூட அவள் குரல் உயராது. அவள் கிளம்பிய வேகத்தைப் பார்த்த அப்பா பின்னாலேயே வந்தார்.

"ஏய், நம்ம புள்ள அவங்க கையிலதான் இருக்கா. பாத்துப் பேசு."

"அதனாலதாங்க பேசப் போறேன்."

டாக்டரம்மாவின் அறையில் கணினித் திரை திறந்திருந்தது. நாளைய ஆராய்ச்சிக் கூட்டத்துக்கான பக்கம். அதிலும் அதே வார்த்தை. அது மருத்துவ வழக்கம், உலகம் முழுக்க அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று அவர் பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமைதான் அம்மாவைக் கிளறிவிட்டது. 'எங்கள் விதிமுறை அது' என்று அவளே தினமும் சொல்லும் குரல்.

"முடி கொட்டினது அவளுக்கு. வாயெல்லாம் புண்ணானது அவளுக்கு. வேலை செய்யாம விட்டது உங்க மருந்து. குணமானா 'சிகிச்சைக்கு வெற்றி'ன்னு எழுதுவீங்க, ஆகலைன்னா 'குழந்தை ஃபெயில்'னு எழுதுவீங்க. இது எந்த ஊர் நியாயம், டாக்டர்?"

டாக்டரம்மா திரையிலிருந்த அந்த வார்த்தையை இன்னொரு முறை பார்த்தார். எழுந்து அவளோடு நடந்தார்.

வாலுவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நான் தப்பாச் சொல்லிட்டேன்டா. ஃபெயிலானது நான் குடுத்த மருந்து. நீ இல்ல" என்றார்.

போர்வை மூக்குவரை இறங்கியது. "அப்ப அந்த மருந்தை யாரு திட்டுறது?"

"உங்கம்மா திட்டிட்டாங்க. செமத்தியா."

வாலு அம்மாவை நம்பமுடியாமல் பார்த்தாள். அப்பா தன் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"புது மருந்தும் ஃபெயிலானா?"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. "அதுவும் மருந்தோட ஃபெயில்தான். உன்னோடது இல்ல" என்றார் டாக்டரம்மா.

வாலு எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப சரி. குடுங்க."

நிம்மதியாக எழுந்த டாக்டரம்மா வாசல் பக்கம் திரும்பினார். அம்மா வழியை விடவில்லை. இரண்டு கட்டில்களுக்கும் நடுவிலிருந்த திரைச்சீலையைக் காட்டினாள்.

"பக்கத்துக் கட்டில் புள்ளையையும் காலையில அதையேதான் சொன்னீங்களாம். அங்கயும் சொல்லிட்டுப் போங்க."