நான்கெழுத்துக் கடையின் பானிட்சா

பல்கேரிய மலையூரில் நடக்கும் அந்தத் திருவிழாவின் விதியை வகுத்த மகராசன் மூளையை எந்த அடுப்பில் வைத்தானோ தெரியாது. பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானிட்சா ரொட்டியின் மேல், உள்ளங்கை அகல மாவெழுத்துகளில் கடைப் பெயரை எழுத வேண்டும். பெயரின் நீளமே பானிட்சாவின் நீளம். நீளமானது ஜெயிக்கும். தோற்றவள் ஊர் பார்க்க ஜெயித்தவளின் தட்டுகளைக் கழுவ வேண்டும்.

டோன்காவின் கடைக்கு ‘ஜோரா’ என்று பெயர். அவர்கள் எழுத்தில் நாலே எழுத்து. நாத்தனார் ஸ்லாவ்காவின் கடைப் பெயரோ அனுமார் வால். ஒவ்வோர் ஆண்டும் டோன்கா தட்டுக் கழுவ, ஸ்லாவ்கா பக்கத்தில் நின்று, "மூலையில கறை இருக்கு பாரு" என்பாள். டோன்கா அந்த மூலையை இன்னும் அழுத்தித் தேய்ப்பாள்.

இந்த ஆண்டு, ஊர் இணையதளத்தில் அவரவர் கடைப் பக்கத்தின் முகவரியில் உள்ளபடியே பெயரை எழுதச் சொன்னார்கள். கணவன் மெத்தோடி அதைப் பிரதியெடுத்து அவள் கைப்பேசிக்கு அனுப்பினான்.

%D0%B7%D0%BE%D1%80%D0%B0

"என்னங்க இது, கோழி கிளறின மாதிரி?"

"நம்ம பேருதான். திரையில நம்ம எழுத்தாத் தெரியும். எடுத்து அனுப்பினா இப்படி ஆயிடும். முகவரிக்கு நம்ம எழுத்து புரியாதாம். ஒரு எழுத்துக்கு ஆறு குறி போட்டுக்குது."

டோன்கா இன்னொரு மாவு மூட்டையைப் பிரித்தாள்.

சந்தை மைதானத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டும் அவள் பானிட்சாவின் நுனி வெளியே தொங்கியது. ஸ்லாவ்கா திரையில் பார்த்த எழுத்துகளையே எழுதியிருந்ததால் அவளுடையது மேசைக்குள் அடங்கிவிட்டது.

"இது பேரா? பித்தலாட்டம்" என்று ஸ்லாவ்கா அந்த நுனியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

நடுவர் அசென் கைப்பேசியை எடுத்தார். "பானிட்சாவுல இருக்கறத அப்படியே அடிக்கிறேன். பக்கம் திறந்தா பேரு. திறக்கலேன்னா நீ தோத்த."

திறக்கவில்லை.

"கடைசி எழுத்தக் காணோமே" என்றார் அசென். "பானிட்சாவுல என்ன இருந்துச்சு? தின்னவங்கதான் சொல்லணும்."

எல்லோரும் ஸ்லாவ்காவின் உப்பிய கன்னத்தைப் பார்த்தார்கள். வாயில் ரொட்டியோடு பொய் சொன்னால் அடுப்பு அவிந்துபோகும் என்று ரொட்டிக்காரிகளுக்குப் பயம். விழுங்கிவிட்டுச் சொல்லலாம்தான். அவளும் அந்த எண்ணத்தில்தான் அவசரமாக மென்றாள். மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. கண்கள் தாமாகச் சொருகின. பாவி மகள் அப்படிச் சுட்டிருந்தாள், விழுங்க மனம் வரவில்லை.

"பூஜ்யம்" என்றாள் வாய் நிறைய.

அசென் அடித்தார். டோன்காவின் கடை திறந்தது.

ஸ்லாவ்கா சட்டைக் கையை மடித்துக்கொண்டே அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, "இன்னொரு பூஜ்யம் இருந்தா குடுடி" என்றாள்.