தாமரை போன்ற கைகள்

அந்த வார்டில் அவளுக்குக் 'கவிதை நர்ஸ்' என்றுதான் பெயர். கை கழுவும் தொட்டிகளுக்கு மேலே மாட்ட ஒரு வாசகம் வேண்டும் என்று நிர்வாக அதிகாரி கேட்டதும், கூட வேலை பார்ப்பவர்கள் அவளைத்தான் முன்னால் தள்ளிவிட்டார்கள். அவளுக்கும் உள்ளூர ஆசைதான். படுக்கை விரிப்பு மாற்றும்போதெல்லாம் வாய்க்குள் அசை பிரித்து, ஒருவழியாகக் குறள் வெண்பா ஒன்றைத் தேற்றினாள்.

தொட்டுத் துடைக்குமுன் தூய்நீரில் கைகழுவ
விட்டு விலகும் பிணி.

அதிகாரி இரண்டு தடவை படித்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா 'பிணி' யாருக்குப் புரியும்? 'கிருமிகள் அனைத்தும்'னு போட்டுடலாம்."

"சார், கடைசிச் சீர் சின்னதா முடிஞ்சாத்தான் அது வெண்பா."

"அர்த்தம் மாறலையே?"

"அர்த்தம் மாறாது சார். ஓசை போயிடும்."

"சரி, சோப்பு எங்கே? கவிதைன்னா உவமை வேணுமே, அதையும் காணோம்?"

தொட்டு, விட்டு என்று எதுகையைக் காட்டினாள். தொ, து, தூ என்று மோனையைக் காட்டினாள். அவர் தலையை ஆட்டிய வேகத்திலேயே எதுவும் காதில் ஏறவில்லை என்பது தெரிந்துபோனது.

"நீங்க போங்கம்மா. நான் லேசா ஒரு கை பார்த்துடறேன்."

அடுத்த வாரம் எல்லாத் தொட்டிக்கும் மேலே பளபளவென்று பலகை வந்துவிட்டது.

'நோயாளியைத் தொடுவதற்கு முன்பு சோப்புப் போட்டுத் தாமரை போன்ற கைகளைக் கழுவினால் கிருமிகள் அனைத்தும் விட்டு விலகும்.' கீழே கொட்டை எழுத்தில்: 'வெண்பா இயற்றியவர், நமது கவிதை நர்ஸ்.'

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. போதாக்குறைக்கு, கல்லூரியில் தமிழ் நடத்தும் அக்கா ஃபோனில் பிடித்துக்கொண்டாள். "யாரோ படம் அனுப்பினாங்கடி. இதுவா வெண்பா? தளை எங்கேடி?"

"நான் எழுதினது அது இல்லக்கா!"

"உன் பேர்தானே போட்டிருக்கு?"

ஃபோனை வைத்துவிட்டு, பிளேடு ஒன்றை எடுத்துக்கொண்டு போய், 'வெண்பா' என்ற சொல்லையும் தன் பட்டப்பெயரையும் சுரண்ட ஆரம்பித்தாள். ஆறாவது பலகையில் அதிகாரி வந்து நின்றார்.

"என்னம்மா இது, ஆஸ்பத்திரிச் சொத்தை?"

"இது வெண்பா இல்ல சார். வெறும் அறிவிப்பு. அப்படியே போடுங்க. எனக்குப் பேரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." பிளேடைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

அவர் கொஞ்சம் பயந்துதான் போனார். "சரிம்மா, சரி. சரிபண்ணிடலாம்."

சொன்னபடியே செய்தார். மறுநாள் சுரண்டிய இடமெல்லாம் புது ஸ்டிக்கர். பெயரைக் காணோம். 'அறிவிப்புப்பா' என்று மட்டும் இருந்தது.

"இதுவும் ஒரு பா வகையாக்கா?" என்று கேட்டாள் புதிதாகச் சேர்ந்த நர்ஸ், நிஜமான மரியாதையோடு.

அவள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, கையைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.