குடியில்லாத படிகத்தின் சிவப்பு

ஹல்ஷ்கா ஆய்வக உலையில் சுட்டெடுத்த வெள்ளைப் பொடி, புற ஊதா விளக்கின் கீழ் மங்கலாகச் சிவந்தது. அப்படிச் சிவப்பாக ஒளிரும் தனிமமான யூரோப்பியத்தை அதில் அவள் சேர்க்கவே இல்லை. யூரோப்பியத்துக்கு இடம் கொடுக்க வேண்டிய வெறும் படிகம்தான் அது. தானாக ஒளிர்கிறதென்றால் யாரும் கண்டிராத செய்தி. திங்கட்கிழமை துறைக் கூட்டத்தில் அதைத்தான் சொல்ல இருந்தாள். அவளுடைய வேலை நீடிக்குமா என்பதும் அன்றுதான் முடிவாகும்.

"குடியிருக்க ஆளே இல்ல, வீட்டுல விளக்கு மட்டும் எரியுதுங்கறீங்க," என்று பக்கத்து மேசை லேஷெக் ஒரு வாரமாகக் கிண்டல் செய்துகொண்டிருந்தான்.

பெருநோன்புக்கு முந்தைய வியாழன் அது. போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரமே ரோஜா ஜாம் வைத்துப் பொரித்த பன் தின்னும் நாள். லேஷெக் ஒரு பெட்டி வாங்கிவந்து திறந்து வைத்திருந்தான். ஹல்ஷ்கா எடுக்கவில்லை. படிகம் தானாக ஒளிர்ந்தால், அதன் அமைப்புக் குறைகளிலிருந்து வரும் அந்த ஒளி வரைபடத்தில் பரந்து கிடக்கும். இந்த ஒளியோ வரைபடத்தில் ஊசிபோல் நின்றது, யூரோப்பியம் நிற்கும் அதே இடத்தில். முதல் நாளே அதைப் பார்த்திருந்தாள். பார்த்தும் பாராததுபோல் அடுத்த வேலையைக் கவனிக்கப் போயிருந்தாள்.

இப்போது விளக்கை, பொடி அரைக்கும் தன் அகேட் கல் கல்வத்தின் பக்கம் திருப்பினாள். கழுவித் துடைத்த வெற்றுக் கல்வம். அடியில் மயிரிழை விரிசல் ஒன்று சிவப்பாக எரிந்தது.

"லேஷெக், இதுல என்ன அரைச்சீங்க?"

அவன் எட்டிப் பார்த்தான். பன்னை மெல்வது நின்றது.

"என்னோடது உடைஞ்சப்ப எடுத்தேன். ஒரே ஒரு தடவை. யூரோப்பியம் போட்ட பொடி. ஆசிட்ல கழுவித்தானே வச்சேன்."

"சிவப்பு டேப் ஒட்டின கல்வத்துலதானே அதை அரைக்கணும்."

"அதுதாங்க உடைஞ்சுது."

ஹல்ஷ்கா விளக்கை அணைத்தாள். உலையின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"திங்கக்கிழமை தாண்டட்டும்," என்றான் அவன் மெதுவாக. "நான் வாயத் திறக்க மாட்டேன்."

"வாய் நிறைய பன் இருக்கு. எப்படித் திறப்பீங்க?"

அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் புதுக் கல்வம், பொடியை வைத்துச் சுடப் புது மூசை, வேறொரு உலை. அதே படிகத்தை மறுபடி செய்து விளக்கின் கீழ் வைத்தாள். இருட்டாகவே கிடந்தது. அந்த இருட்டைப் பார்த்தபடி, காபி ஆறும்வரை நின்றாள்.

திங்களன்று அவள் திரையில் படம் எதுவும் போடவில்லை. பழைய கல்வத்தை மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் புற ஊதா விளக்கு.

"சன்னல் திரையைக் கொஞ்சம் இழுங்க," என்றாள்.

லேஷெக்தான் எழுந்து போய் இழுத்தான்.