தறி லைனில் கார்

கோமதிசங்கர் அப்பாவின் வலது கைவிரல்களை மடக்கிக்கொண்டிருந்தான். மற்றவை மடங்கிவிட்டன. சுட்டுவிரல் மட்டும், விலை படியாத ஆள் மாதிரி விறைத்து நின்றது. உள்ளங்கையில் புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பாகத் தீய்ந்த வடு. அது மறைந்தால் போதும்.

வாசலில் கூடியிருந்தவர்களிடம் நெஞ்சுவலி என்று சொல்லியாயிற்று. எழுபது வயது, விடியற்காலை, நெஞ்சுவலி. யாரும் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

நடந்தது வேறு. அப்பா நமச்சிவாயம் மழை ஈரத்தில் வெறுங்காலோடு போய், சார்ஜில் நின்ற மின்சாரக் காரின் கதவைத் தொட்டார். தொட்ட கை திரும்பவில்லை. சத்தம் கேட்டு ஓடிய மகன் மெயினை அணைத்த பிறகுதான் ஆள் கீழே விழுந்தார்.

காருக்குக் கரண்ட் வந்தது பின்கட்டிலிருந்த தறிக்கூடத்து லைனிலிருந்து. விசைத்தறிக்கு அரசாங்கம் சலுகையில் கொடுக்கிற கரண்ட். அதில் கார் ஓட்டுவதுதான் கோமதிசங்கரின் சாமர்த்தியம். கரண்ட் கசிவு கண்டால் லைனை அறுக்கிற சுவிட்ச் ஒன்று அங்கே இருக்கத்தான் செய்தது. கார் வந்த நாளிலிருந்து அது ஓயாமல் விழுந்தது. விழுந்தால் எட்டுத் தறியும் நின்றது, இழை அறுந்தது, சேலையில் கோடு விழுந்தது. வயர்மேன் சங்கரசுப்பிரமணியன் வந்து பார்த்தார். சார்ஜரில் கசிவு இருக்கிறது, எர்த்தும் செத்துக் கிடக்கிறது, காருக்குத் தனி லைன் கேட்டு எழுதிப் போடுங்கள் என்றார். அந்தச் சுவிட்ச் வழியாகப் போகாமல் காருக்கு வயரை நேராக இழுத்துக் கொடுக்கச் சொன்னான் கோமதிசங்கர்.

“அண்ணாச்சி, அது காவல் நாயி. குரைக்குன்னு அவுத்து விட்டுராதீய” என்று சொல்லிவிட்டு அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கோமதிசங்கர் தானே இழுத்தான். டார்ச் அடித்தது அப்பாதான்.

உண்மை வெளியே போனால் போஸ்ட்மார்ட்டம், போலீஸ். அப்புறம் தறி லைனையே பிடுங்கிவிடுவார்கள். எட்டுத் தறியையும் பழைய இரும்புக்குத்தான் போடவேண்டும்.

நெல்லையம்மாள் உள்ளே வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. மகன் மடக்கி வைத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வடுவைப் பார்த்தாள். மகனைப் பார்க்கவில்லை.

“கார்தானலே?”

அவன் திருநீற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

“போன மாசந்தான் டாக்டரு சொன்னாரு, இவுக நெஞ்சு வாலிபப் பையன் நெஞ்சு மாதிரி இருக்குன்னு.”

திருநீற்றை அள்ளி வடுவின் மேல் அப்பினாள். அவள் கைக்குச் சுட்டுவிரலும் மடங்கிக் கொடுத்தது. இரண்டு கைப் பெருவிரலையும் சேர்த்துத் துணியால் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

“நெஞ்சுவலின்னே நானும் சொல்லுதேன். எட்டுத் தறி ஓடணும்லா.”

பத்து மணிக்குச் சங்கரசுப்பிரமணியன் மாலையோடு வந்தார். இரும்புக் கேட்டில் சாய்ந்தும் பிடித்தும் சொந்தக்காரர்கள் நின்றிருந்தார்கள். கரிவலம்வந்தநல்லூர் மாமா, தானே பக்கத்தில் இருந்த மாதிரி, நெஞ்சுவலி வந்த விதத்தை நாலாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கோமதிசங்கர் தலையைக் குனிந்தபடி ‘ஆமா’ போட்டுக்கொண்டிருந்தான்.

வயர்மேன் உள்ளே கால் வைக்கவில்லை. மாலையை இடது கைக்கு மாற்றினார். சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து கேட்டில் வைத்துப் பார்த்தார். விளக்கு எரியவில்லை.

“என்ன வே, எளவு வீட்டுல?” என்றார் மாமா.

“பழக்கம் அண்ணாச்சி.”

டெஸ்டரைப் பையில் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றாமலே உள்ளே போனார்.

மாமா விட்ட இடத்திலிருந்து தொடர வாயெடுத்தார். தொடரவில்லை. கேட்டைப் பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.